நேர்மொழியும் வன்மொழியும்

கண்ணகியின் நேர்மொழிக்குச் சான்று தருகவென்றால், மாணவர் பெரும்பாலும் அவள் பாண்டியனை ஆராய்ச்சியற்ற மன்னனென விளித்ததையே விடைத்தாளில் எழுதுவர். அது வன்மொழி. நேர்மொழியாவது, கேட்போன் சோதித்தறியத்தக்க பொருளை மறைப்பின்றி அவன்முன் வைப்பது.

சிலப்பதிகாரத்து வழக்குரை காதையை நோக்குக. கண்ணகி தன் பெயரைத்தானும் உடனே கூறினாளல்லள். புறாவின் துயர் தீர்த்த சோழனையும், பசுவின் பொருட்டு மகனைத் தேர்க்காலிலிட்ட சோழனையும் முன்னிறுத்தி, புகாரையும் கோவலனையும் கூறிய பின்னரே பெயர் சொல்கிறாள். சுற்றுவழிதான், ஆயினும் வீணன்று. நீதியின் அளவுகோலை முதலில் நாட்டுகிறாள். கள்வனைக் கொன்றது முறையே என வேந்தன் மறுத்தபொழுதுதான் நேர்மொழி பிறக்கிறது: தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அவ்வளவே.

இவ்விடத்திற் பாண்டியனைப் பலரும் மறந்துவிடுகின்றனர். தேவியின் சிலம்பிலுள்ளவை முத்துக்கள் என்று அவனே கூறுகின்றான். யாரும் அதனை வினவவில்லை. கூறாது விட்டிருப்பின், தெறித்த மணி யாருடைய சிலம்பினது என்று வாதிட இடமிருந்திருக்கும். சிலம்பு உடையுமுன்னரே, தன்னைக் குற்றவாளியாக்கக்கூடிய உரைகல்லைத் தன் கையாலேயே தந்துவிட்டான். பல்லாண்டாக யானும் இவ்விடையை விரைந்து கடந்து, மணி தெறிக்குமிடத்திற்கே மாணவரை அழைத்துச் சென்றவன்.