முகம் தெரிகிறது, பார்வை சேரவில்லை

1970ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் படத் தொலைபேசிச் சேவை தொடங்கியது. மாதக் கட்டணம் 160 டாலர். ஏற்றவர் மிகச் சிலரே, திட்டம் தோல்வியுற்றது. இன்று அதே வசதி இணையத்தின் வழியே எளிதாகக் கிடைக்கிறது. வேகமான இணைப்பு, நல்ல காமிரா, போதிய வெளிச்சம் இருந்தால் போதும் என்று வழிகாட்டிக் குறிப்புகள் முடித்துவிடுகின்றன. இது பெருங்குறை.

“மகன் என் கண்ணைப் பார்த்தே பேசுவதில்லை” என்று ஒரு தாய் வருந்தியதைக் கேட்டிருக்கிறேன். அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால், திரையில் தெரிந்த தாயின் முகத்தை! காமிராவோ திரைக்கு மேலே இருக்கிறது.

கணக்கிட்டுப் பார்ப்போம். திரையில் தெரியும் கண்களுக்கு 10 செ.மீ. மேலே காமிரா இருப்பதாகக் கொள்வோம். மகன் 50 செ.மீ. தொலைவில் அமர்ந்தால், அவனது பார்வை காமிராவிலிருந்து சுமார் 11 பாகை விலகுகிறது. தாய்க்கு அவன் கீழே பார்ப்பதுபோல் தோன்றும். 1 மீட்டர் தள்ளி அமர்ந்தால் விலகல் சுமார் 6 பாகைதான். படத்தைச் சிறிதாக்கிக் காமிராவின் அடியில் நகர்த்தினால் இன்னும் குறையும்.

2020இல் ஆப்பிள் நிறுவனம், கண்களின் படத்தையே திருத்திக் காட்டும் முறையைத் தன் ஃபேஸ்டைமில் சேர்த்தது. விந்தைதான்! ஆனால், திருத்திய பார்வையைக் காட்டுவதைவிட நாற்காலியைப் பின்னால் நகர்த்துவது எளிதல்லவா? இந்த ஒரு வரியையும் வழிகாட்டிகளில் சேர்த்தால் என்ன?