கூவுவது எந்தக் குயில்?

குயிலைப் பெண்ணாக்கிப் பாடவைப்பது நம் கவிஞர்களுக்கு நெடுநாளைய வழக்கம். பாரதியாரின் ‘குயில் பாட்டு’ மீது எமக்கு ஆட்சேபம் இல்லை. அது பகற்கனவென்று அவரே முடிவிற் கூறிவிடுகின்றார். பின்வந்தோர் அக்கனவையே இயற்கை நூலாகக் கொண்டதுதான் குறை. இலைகளுக்குள் மறைந்திருந்து, ஒலியை மேன்மேலும் உயர்த்திக் கூவுவது கரிய மேனியும் சிவந்த கண்ணுமுடைய ஆண் பறவை. பேடோ பழுப்பு நிறத்தது, உடலெல்லாம் வெண்புள்ளி, அதன் குரல் ‘கிக், கிக்’ என்னும் வெடுக்கென்ற ஒலியே. சில காலைகள் அண்ணாந்து பார்த்தாலே விளங்கக்கூடிய உண்மை இது!

பழையோர் பாராதவரல்லர். வடமொழியில் குயிலுக்குப் பரபிருதம் என்றொரு பெயருண்டு. பிறரால் வளர்க்கப்பட்டது என்பது பொருள். காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடுவதை எவனோ ஒருவன் பொறுமையாய்க் காத்திருந்து கண்டிருக்க வேண்டும். அந்தப் பெயரே அவன் விட்டுச் சென்ற குறிப்பு.

நிற்க, சிங்கப்பூர்க் குயிலுக்கு வருவோம். 1890களில் மலாயாவின் காப்பித் தோட்டங்களில் புழுக்களைத் தின்பதற்கென்று இலங்கையிலிருந்து காக்கைகளைக் கிள்ளானுக்குக் கொண்டுவந்தனர். (நம் முன்னோரைப் போல் அவையும் தோட்ட வேலைக்கு வந்தவையே!) பிற்காலத்தில் சிங்கப்பூரிலும் காக்கை பெருகிற்று. முன்பெல்லாம் வடக்கே குளிர் மிகும் மாதங்களில் மட்டும் இங்கு வந்துபோன குயில், 1980களில் காக்கைக் கூடுகளில் முட்டையிட்டு நிலையாகக் குடியேறிவிட்டது. இன்று அடுக்குமாடிகளுக்கிடையே அது விடியுமுன் கூவ, தூக்கம் கெடுகின்றதென்று முறையிடுவோரும் உளர். இவ்வரலாறு நமக்குக் கிடைத்தது, பறவை பார்ப்போர் நாளும் இடமும் தவறாமல் குறித்துவைத்ததனால்.

இங்குள்ள நம் கவிதைகளிலோ குயில் இன்னும் இளவேனிலில்தான் கூவுகின்றது. நிலநடுக்கோட்டையொட்டிய ஊரில் இளவேனில் ஏது? கவிஞர் கேட்டது தேக்காவின் சன்னலுக்கு வெளியேயிருந்த குயிலையன்று. பாடப் புத்தகத்துக் குயிலை.

கண்டதைக் கண்டபடி எழுதினால் இலக்கியம் வறண்டுபோகும் என்பாருக்கு ஒரு பெயரைச் சொல்லலாம். அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996 வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் இயற்கைக் குறிப்புகள் எழுதினார். தமிழிலும் எழுதினார், அக்கட்டுரைகள் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் நூலாக வந்துள்ளன. அதைப் படித்தவர் வறட்சியென்னும் சொல்லை எடுக்கமாட்டார்.

தோட்டத்தில் எம்போன்ற கிராணிமார் காலைதோறும் மழைமானியைப் பார்த்துப் பேரேட்டில் பதிகின்றோம். மழையில்லாத நாளிலும் சுழியம் என்று எழுதுகின்றோம். குயில் கூவாத நாளையும் அவ்வாறே குறித்த தமிழ் நோட்டுப் புத்தகம் ஒன்று எவரிடமேனும் இருக்குமாயின், இவ்வாண்டின் கவிதைத் தொகுதிகளை ஒதுக்கிவைத்துவிட்டு அதனையே முதலிற் படிப்பேன்.