யாருடைய 'நான்'?

வாங் வெயின் 'மான் அடைப்பு' மொத்தமே 20 எழுத்துகள்தான். பார்ப்பது யார், கேட்பது யார் என்று பிரதி சொல்வதில்லை. ஆங்கில வாக்கியமோ எழுவாய் இல்லாமல் நகராது. மொழிபெயர்ப்பாளர் 'நான்' போடலாம், 'நாம்' போடலாம், செயப்பாட்டு வினைக்குள் ஒளிந்துகொள்ளலாம். மூன்றும் வாசிப்புதான். சும்மா இருக்க மட்டும் முடியாது. மூலத்துக்கு விசுவாசம் என்று நாம் பேசிக்கிட்டிருப்பது இங்கேயே உடைந்துபோகிறது.

எஸ்ரா பவுண்டின் 'கத்தே' (1915) இதன் உச்சம். அப்போது அவருக்குச் சீனம் தெரியாது. கையில் இருந்தவை 1908இல் இறந்துபோன ஃபெனலோசாவின் குறிப்பேடுகள். அவற்றுக்குப் பின்னால் மோரி, அரிகா என்ற ஜப்பானியப் பேராசிரியர்கள். லி போ 'ரிஹாகு' ஆனது அப்படித்தான். ஓரிடத்தில் தலைப்பைக் கவிதை வரியாக எடுத்துக்கொண்டு, இரண்டு கவிதைகளை ஒன்றாகத் தைத்துவிட்டார் பவுண்டு. ஆனாலும் ஆங்கிலக் கவிதைக்கு அது புதிய நடை ஒன்றைக் கொடுத்தது.

பிழையே படைப்பாவதைக் கொண்டாடலாம், சரி. ஆனால் நூலின் முகப்பில் அச்சான மோரியும் அரிகாவும் பிறகான பேச்சில் எங்கே போனார்கள்? 1928இல் எலியட், சீனக் கவிதையைக் கண்டுபிடித்த பெருமையைப் பவுண்டுக்கே கொடுத்தார். மொழிபெயர்ப்பாளரின் செயல்பாடு அதிகாரமும்கூட. விசுவாசமா துரோகமா என்ற பழைய சண்டையை விட்டுவிடுவோம். யாருடைய உழைப்பு யாருடைய 'நான்' ஆகிறது என்று கேட்போம்.