ஜேமிசன் அகராதியும் ஸ்காட்லாந்து நிலச்சொற்களும்

தம் மொழிக்குப் பெருமை தேடப் புகுவோர் பலர் முதற்கண் அதன் பிறப்பையே தேடுவர். பாதிரியார் ஜான் ஜேமிசன் 1808ஆம் ஆண்டில் எடின்பரோவில் இரு பெருந்தொகுதிகளாக வெளியிட்ட ஸ்காட்சு மொழிச் சொற்பிறப்பகராதி இதற்கு நல்ல சான்று. ஸ்காட்சு, ஆங்கிலத்தின் சிதைவு என்று கற்றோரே கூசிய காலம் அது. அவ்விழிவைத் துடைக்க ஜேமிசன் ஒரு கொள்கை வகுத்தார். பண்டைப் பிக்டர் பேசியது கோதிய இனமொழி. ஸ்காட்சு அதன் வழித்தோன்றல். ஆகவே அஃது ஆங்கிலத்துக்கு உடன்பிறப்பேயன்றி மகள் அன்று என நீண்டதோர் ஆராய்ச்சியுரையை நூலின் முன் வைத்தார். நாட்டுப்புறச் சொற்கள் பல ஐசுலாந்து மொழிச் சொற்களை ஒத்திருப்பதை அந்நாட்டறிஞர் தோர்க்கெலின் அவருக்கு எடுத்துக் கூறியதே இம்முயற்சிக்கு வித்து.

கொள்கை நிற்குமா? மலைக்கும் ஆற்றுக்கும் அம்மக்கள் இட்ட பெயர்களை உரைத்துப் பார்த்தாலே விளங்கும். சிற்றாற்றைக் குறிக்கும் 'பர்ன்' பழைய ஆங்கிலச் சொல். தனித்து நிற்கும் குன்றாகிய 'லா'வும் அதுவே. முன்பு புதைமேட்டையும் குறித்தது. கடற்கழியாகிய 'ஃபர்த்' நார்வே நாட்டார் கொணர்ந்தது. 'கிளென்' என்னும் ஒடுங்கிய பள்ளத்தாக்கும், 'ஸ்திராத்' என்னும் அகன்ற ஆற்றுவெளியும், 'லோக்' என்னும் ஏரியும், 'பென்' என்னும் மலையும் கேலிக் மொழியின் கொடை. மலையிடைக் கிண்ணக்குழியாகிய 'கோரி' அம்மொழியில் கொப்பரை என்று பொருள்படும். சரிவைக் குறிக்கும் 'பிரே' இன்னும் அழகியது. பழைய வடமுனை மொழியில் அது கண்ணிமை மயிர். கண்ணுக்கு மேல் இமை கவிவதுபோல் ஆற்றுக்கு மேல் கரை கவிகிறது! இவற்றுள் ஒரு தாயின் மக்கள் எங்கே?

பிக்டர் சொல்லே ஜேமிசனுக்கு எதிராகச் சான்று பகர்வதுதான் விந்தை. அபர்தீன் என்னும் பெயரின் முற்பகுதி 'அபர்', ஆற்றுமுகம். வேல்சு நாட்டிலும் இச்சொல் அப்படியே வழங்குகிறது. இன்வெர்னசு என்பதிலுள்ள 'இன்வெர்' அதே பொருளுடைய கேலிக் சொல். பிக்டர் மொழி வேல்சு மொழிக்கு நெருங்கிய கெல்டிய மொழி என்பதே இன்று அறிஞர் பெரும்பாலோர் முடிபு. வாட்சன் 1926இல் வெளியிட்ட கெல்டிய இடப்பெயர் வரலாற்றுக்குப்பின் கோதியப் பிக்டர்க்கு இடமே இல்லை.

'லின்' என்ற சொல்லோ எந்த ஒருவேர்க் கொள்கைக்கும் அடங்காது. பழைய ஆங்கிலத்தில் 'ஹ்லின்' பாய்புனல். கேலிக்கில் 'லின்னே' குளம். இரண்டும் கலந்தமையால், வீழும் அருவியும் அது விழுந்து தேங்கும் மடுவும் ஒரே பெயர் பெற்றன. இங்கே வேர் ஒன்றைக் கொண்டு மற்றதைத் தள்ளுவோர் சொல்லின் பாதியை இழப்பர்.

வேரை மட்டும் அறிந்து அமைவதும் போதாது. காஜாங்கில் தமிழர் நன்கறிந்த பழைய ரப்பர்த் தோட்டப் பெயர் இன்ச் கென்னத். அது ஸ்காட்லாந்தின் மேல்கரையில் மல் தீவை அடுத்த சிறுதீவின் பெயர். அங்குலத்துக்கும் அதற்கும் உறவில்லை. 'இன்ச்' தீவைக் குறிக்கும் கேலிக் சொல்லின் திரிபு. எனினும் பெர்த் நகரில் 'இன்ச்' எனப்படும் இரண்டும் ஆற்றங்கரைப் புல்வெளிகள். தீவு எப்படிப் புல்வெளியாயிற்று என்பதை வேர்ச்சொல் கூறாது, வழக்கே கூறும்.

அவ்வழக்கைத் திரட்டியதில்தான் ஜேமிசனின் பெருமை உள்ளது. பழம்பாடல், சட்டநூல், உழவர் பேச்சு எனப் பலவிடத்தும் தேடி, சொல்தோறும் மேற்கோள் காட்டினார். 1825இல் மேலும் இரு தொகுதிகள் சேர்த்தார். முன்னுரையின் கொள்கையை விலக்கிவிட்டு உள்ளே புகுவோர்க்கு அந்நூல் இன்றும் சுரங்கம். 1931 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த ஸ்காட்லாந்து தேசிய அகராதியினர், அவர் சொன்ன வேர்களைத் திருத்திக்கொண்டு, அவர் தொகுத்த சொற்களையும் மேற்கோள்களையும் பயன்படுத்திக்கொண்டனர்.