மன்றம் கலையச் சட்டமூலம் மடிதல்

சட்டமூலமொன்று பாராளுமன்றத்திலே தோற்பது வேறு. மன்றம் கலைதலால் மடிவது வேறு. தோற்றதற்கு வாக்கெண்ணிக்கை உண்டு. மடிந்ததற்கு அது இல்லை. நம்மவர் பலர் இவ்விரண்டையும் ஒன்றாகவே கொள்கின்றனர்.

இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 70ஆம் உறுப்புரைப்படி, கூட்டத்தொடர் முடித்துவைக்கப்படின் எஞ்சிய அலுவல்களை அடுத்த தொடரிலே தொடரலாம். கலைப்புக்கு அச்சலுகை இல்லை. நிறைவேறாத சட்டமூலம் அம்மன்றத்தோடு ஒழியும். வேண்டுமாயின் புதிய மன்றத்திலே முதலிலிருந்தே கொண்டுவரல் வேண்டும். இந்நியதி ஒப்புக்கொள்ளற்பாலதே. பழைய சபை முடியாது விட்டதைப் புதிய சபையின் தலையிற் சுமத்துதல், மக்கள் புதிதாய் அளித்த ஆணைக்குப் பொருந்தாது.

நிற்க. நியதி நன்றாயினும் அதனைக் கையாளும் முறை நன்றோ? 2000 ஆகஸ்து 3ஆம் நாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க, பிராந்தியங்களுக்கு அதிகாரம் பகிரும் புதிய அரசியலமைப்புச் சட்டமூலத்தைத் தாமே சபையிற் சமர்ப்பித்தார். மன்றத்தின் ஆறாண்டு ஆயுளோ அம்மாதத்தோடு முடியவிருந்தது! 225 உறுப்பினருள் 150 பேரின் ஆதரவு வேண்டியிருந்தது. எதிர்க்கட்சியினர் அதன் பிரதிகளைச் சபையிலேயே கொளுத்தினர். சில நாள் விவாதத்தின்பின் வாக்கெடுப்புப் பிற்போடப்பட்டது. ஆகஸ்து 18இல் மன்றம் கலைக்கப்பட்டது. போரும் இடப்பெயர்வும் நலித்த மன்னார் மக்களுக்கு இஃது ஏட்டுப் பிரச்சினையன்று. ஒக்டோபர் 10ஆம் நாள் தேர்தலில், மன்னாரை உள்ளடக்கிய வன்னி மாவட்ட வாக்காளர் தம்மிடம் வாக்குக் கேட்டவர் எப்பக்கம் நின்றாரென எதனைக்கொண்டு துணிவர்? கொளுத்தியவர் கருத்து வெளிப்படை. வாளாவிருந்தோர் கருத்தை எப்பட்டியலிற் காண்பது? ஆயுள் முடியும் தறுவாயிற் கொண்டுவரப்படும் அரசியலமைப்புச் சட்டமூலம் எதுவாயினும், தோற்பினும் தோற்குக, வாக்குக்கு விடப்படல் வேண்டும் என்பதே எமது துணிபு.

இந்தியாவிலே மேற்சபை புகலிடமாகும். அங்கே தொடங்கி, மக்களவை இன்னும் நிறைவேற்றாத சட்டமூலம் கலைப்பால் மடிவதில்லை. மகளிர் இடஒதுக்கீட்டுச் சட்டமூலம் மக்களவையோடு பன்முறை மடிந்தமையாலேயே 2008இல் மேற்சபையிற் கொண்டுவரப்பட்டது. 2010இல் ஆங்கு நிறைவேறி மக்களவைக்குச் சென்றதும் அக்காப்பு நீங்கிற்று. 2014இல் மீண்டும் மடிந்தது. 2023இலேயே அவ்வொதுக்கீடு சட்டமாயிற்று. நாமோ செனற் சபையை 1971இலேயே ஒழித்துவிட்டோம்.

விந்தையொன்றும் உண்டு. 2018 நவம்பர் 9இல் நிகழ்ந்த கலைப்பை உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர் டிசம்பர் 13இல் ஒருமனதாகச் செல்லாதென்றனர். கலைப்பே இல்லையெனின் மடிவும் இல்லையன்றோ? இறந்தவை எனப்பட்ட சட்டமூலங்கள் உயிரோடிருந்தன.

எம் கரைக்கு அணுக்கமான சான்று இழுவைமடித் தடையாகும். எம். ஏ. சுமந்திரன் தனி உறுப்பினராய்க் கொணர்ந்த அச்சட்டமூலம் 2017 ஜூலையில் நிறைவேறி, அவ்வாண்டின் 11ஆம் இலக்கச் சட்டமாயிற்று. பேசாலையிலும் தலைமன்னாரிலும் வலை அறுபட்டோர் அதனை எதிர்நோக்கியிருந்தனர். அக்கரைப் படகுகள் அதன்பின்னும் வந்தமை வேறு வழக்கு. அம்மன்றம் 2020 மார்ச் 2இல் கலைக்கப்பட்டது; அதுவரை அச்சட்டமூலம் ஒழுங்குப் பத்திரத்திலேயே கிடந்திருப்பின், ஒருவரும் எதிர்த்து வாக்களியாமலே மடிந்திருக்கும்.