டிராகன் சட்டை உரிக்குமா?

ஸ்கைரிம் விளையாடினவங்களுக்கு இந்தக் காட்சி மனப்பாடமா இருக்கும். டிராகன் விழும். உடம்பு எரிஞ்சு, அதோட ஆன்மா ஒளியா நம்மகிட்ட வந்து சேரும். எலும்புக்கூடு மட்டும் மிஞ்சும். கிட்டப் போய்த் துழாவினா எலும்பும் செதிலும் கிடைக்கும். ஒரு எலும்போட எடை 15, ஒரு செதிலோட எடை 10. மூணு நாலு டிராகனை அடிச்சாலே மூட்டை தூக்க முடியாம நடை தளர்ந்துடும்.

2011-ல் வந்த கேம். திரும்பத் திரும்ப விளையாடியாச்சு. ஆனா சமீபத்துல தான் ஒரு கேள்வி உறைச்சது: இந்தச் செதில் தானா எப்பவாவது உதிருமா? அந்த உலகத்துல பார்தர்னாக்ஸ்னு ஒரு கிழட்டு டிராகன் மலை உச்சியில காலங்காலமா உட்கார்ந்திருக்கு. கிழிஞ்ச சிறகு, உடைஞ்ச கொம்புன்னு வரைஞ்சவங்க அதோட வயசை அழகா காட்டியிருக்காங்க. ஆனா அது உட்காருற இடத்துல நான் தேடிப் பார்த்தவரை ஒரு உதிர்ந்த செதில் கூட இல்லை.

"அட, கற்பனை மிருகம் தானே"ன்னு விட்டுடலாம். நான் விடாததுக்குக் காரணம் இருக்கு. அதுக்கு முன்னாடி கொஞ்சம் உயிரியல்.

நிஜ உலகத்துல செதில் உள்ள பிராணிகள் எல்லாம் ஒரே மாதிரி உரிக்கிறதில்லை. பாம்போட செதில் தனித்தனித் துண்டு இல்லை. தொடர்ச்சியான ஒரே தோலில் விழுந்த மடிப்புகள். அதனால தான் மேலடுக்கு முழுசா, கண்ணை மூடியிருக்கிற கண்ணாடித் தகடு உட்பட, காலுறையைத் திருப்பிக் கழட்டுற மாதிரி ஒரே சட்டையா வருது. பல்லி துண்டு துண்டா உரிக்கும். நம்ம சுவத்துப் பல்லி உரிச்சதைத் தின்னும் விடும். முதலைக்கு ஒவ்வொரு செதிலா தேய்ஞ்சு உதிரும். மீனுக்குச் செதில் தோலுக்கு உள்ளே வேர் விட்டது. அது உரிக்கிறதே இல்லை, ஒண்ணு விழுந்தா அந்த இடத்துல இன்னொண்ணு முளைக்கும்.

இப்போ கேமுக்கு வாங்க. "டிராகன் செதில் 3" அப்படின்னு பையில விழுது இல்லையா, அது பாம்புகிட்ட கிடைக்காத பொருள். அதுக்கு முதலை மாதிரியோ மீன் மாதிரியோ உடம்பு வேணும். பாம்பு மாதிரி உடம்புன்னா கிடைக்கிறது எடையே இல்லாத, வெயிலுக்குப் பிடிச்சா வெளிச்சம் ஊடுருவுற மெல்லிய சட்டை. அதுல கவசம் செய்ய முடியாது. உருவத்துல பாம்பு, கிடைக்கிற பொருள்ல மீன்: பெரும்பாலான கேம்கள் இந்தக் கலப்பை யோசிக்காமலேயே செய்யுது.

யோசிச்சவங்களும் உண்டு. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்காக 2003-ல் வந்த டிராகோனோமிகான், டிராகன் தோலையும் உரிக்காது, செதிலையும் உதிர்க்காது, உடம்போட சேர்ந்து செதிலும் வளரும்னு சொல்லுது. அதே விளையாட்டோட 2014 பதிப்பு வழிகாட்டி நூல்ல டிராகன் செதில் கவசத்தைப் பத்தி வேற கதை: சில சமயம் டிராகனே தன்கிட்டேயிருந்து உதிர்ந்த செதிலைச் சேர்த்து வெச்சு மனுஷங்களுக்குப் பரிசா கொடுக்குமாம், மத்தபடி வேட்டைக்காரங்க செத்த டிராகனோட தோலை உரிச்சு எடுப்பாங்களாம். ரெண்டு நூலும் ஒத்துப்போகலைன்னு எனக்கு வருத்தம் இல்லை. ஒரே கவசத்துக்குப் பின்னாடி ஒரு நட்போ ஒரு கொலையோ இருக்கலாம்னு ஆகுது பாருங்க, அது தான் முக்கியம். செதில் தானா உதிரும்னு ஏத்துக்கிட்டா மட்டும் தான் அந்த முதல் கதைக்கு இடம் கிடைக்கும்.

காப்காமின் மான்ஸ்டர் ஹன்டர் வரிசையில குஷாலா டாவுரான்னு ஒரு இரும்பு டிராகன், 2006-ல் அறிமுகமானது. அதோட உலோகத் தோல் நாளாக ஆகத் துருப்பிடிக்கும், அப்புறம் அதை உரிச்சுப் போடும். உரிக்கிறதுக்கு முன்னாடி துரு நிறத்துல, வழக்கத்தை விட மூர்க்கமா இருக்கும். இது சும்மா அலங்காரம் இல்லை. பாம்பு வளர்க்கிறவங்களைக் கேளுங்க: சட்டை உரிக்கப் போற பாம்புக்குக் கண் பால் பூத்த மாதிரி மங்கிடும், ஒதுங்கிக் கிடக்கும், சீண்டினா சட்டுனு கொத்தும். பனிமலைக் களத்துல அந்த டிராகன் உரிச்சுப் போட்ட கூடு அப்படியே கிடக்கும். நான் முதல்ல பார்த்தது டிராகனை இல்லை, அந்தக் கூட்டைத் தான். வயித்துல ஒரு பயம் வந்தது.

அந்தப் பயம் எனக்குப் பழக்கமானது. சின்ன வயசுல எங்க வீட்டு மாட்டுக்கொட்டகைக் கீத்துல ஒரு பாம்புச் சட்டை தொங்கிச்சு. நான் அதையே வாய் பிளந்து பார்த்துட்டு நின்னேன். பாட்டி சட்டையைப் பார்க்கலை, சுத்திமுத்திப் பார்த்தாங்க. "இங்க தான்டா இருக்கு"ன்னாங்க. உரிக்கும்போது இழுபடுறதால சட்டை பாம்பை விட நீளமாவே இருக்கும்னு பின்னாடி படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். அன்னைக்கு எனக்கு அது மலைப்பாம்பு.

நான் சொல்ல வந்தது இதான். பிணத்துல எடுத்த செதில், "நான் வந்தேன், கொன்னேன்"னு என்னைப் பத்திப் பேசும். உரிச்சுப் போட்ட சட்டை, நான் அங்க இல்லாதப்பவும் அந்த மிருகத்துக்கு ஒரு வாழ்க்கை இருக்குன்னு சொல்லும். நாங்க வந்து அடிக்கிற வரைக்கும் கல்லு மாதிரி காத்திருக்கிற டிராகன் எவ்வளவு பெருசா இருந்தாலும், அது பூட்டில்லாத கிடங்கு தான்.

செல்டா வரிசை இந்தத் திசையில நகர்ந்தது எனக்குச் சந்தோஷம். 2017-ல் வந்த பிரெத் ஆஃப் தி வைல்டுல டிராகன்களைக் கொல்ல முடியாது, ஆனா செதில் வேணும்னா அம்பு விட்டுத் தான் ஆகணும். 2023-ல் வந்த டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்ல மேலிருந்து குதிச்சு அதோட முதுகுலயே இறங்கலாம். அங்க முள்ளுத் துண்டுகளைக் காயப்படுத்தாமலே பொறுக்கலாம். அது பாட்டுக்குப் பறக்கும், நாம சும்மா கூடப் போறோம். செதிலுக்கு இன்னும் அடிக்கத் தான் வேணும்னாலும், அந்த முதுகுல நின்ன சில நிமிஷம் நூறு சண்டையை விட ஞாபகத்துல நிக்குது.

இதுக்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ஸ்கைரிம் டிராகன்கள் வயசாகிச் சாகாதவை. வளராத உடம்பு எதுக்கு உரிக்கணும்? ஆனா உரிக்கிறது வளர்ச்சிக்கு மட்டும் இல்லை. வளர்ந்து முடிஞ்ச பாம்பும் தேய்மானத்துக்காக, ஒட்டுண்ணியை உதறுறதுக்காக உரிக்குது. இன்னொரு சந்தேகம், பறக்கிற மிருகம் மொத்தமா உரிச்சா சிறகு என்னாகும்? வாத்துகள் பறக்கும் இறகுகளை ஒரே நேரத்துல உதிர்த்துட்டுச் சில வாரம் பறக்க முடியாமக் கிடக்கும். மைக்ரோராப்டர் மாதிரி இறகுள்ள டைனோசர்களோ தோலைப் பொடுகு மாதிரிச் சின்னச் சின்னச் செதிளா உதிர்த்திருக்குன்னு 2018-ல் புதைபடிவ ஆய்வு ஒண்ணு காட்டிச்சு. ரெண்டுமே கேமுக்கு ஆகும். முதல் வழியில, பறக்க முடியாம குகையில பதுங்கியிருக்கிற சில வாரம் தான் டிராகனோட பலவீனமான காலம். அப்போ போய் அடிக்கிறதா, விட்டுடுறதா? இந்தத் தர்மசங்கடத்தை எந்தக் கதாபாத்திரமும் வசனம் பேசி விளக்க வேண்டியதில்லை.

கேம் செய்யுறவங்ககிட்ட நான் கேட்கிறது ரொம்ப இல்லை. அடுத்த டிராகனுக்கு இன்னும் நாலு தாக்குதல் சேர்க்கிறதுக்கு முன்னாடி, அது முதுகு தேய்க்கிறதுக்கு ஒரு பாறை வையுங்க. அந்தப் பாறையில கொஞ்சம் தோல் ஒட்டியிருக்கட்டும். நாங்க சுத்திமுத்திப் பார்த்துக்கிறோம்.