உச்சினிமாகாளியும் மகாங்காளியும்: தெய்வப் பெயர் வரலாறும் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

காளியின் வளர்ச்சியை விளக்குவோர் பெரும்பாலும் இரு வழிகளுள் ஒன்றை மேற்கொள்வர். வேதக் குறிப்பினின்று புராணத்திற்கும் அங்கிருந்து ஊர்க்கோயிலுக்கும் அத்தெய்வம் இறங்கிவந்தது என்பது ஒன்று. ஊர்த்தாய் ஒருத்தி வடமொழிப் பெயர் பெற்று உயர்ந்தாள் என்பது மற்றொன்று. பெயரும் வழிபாடும் ஒருசேரப் பயணம் செய்தன என்று கொள்வதில் இரண்டும் ஒத்துள்ளன. இக்கருத்து பொருந்தாது என்பதைச் சிக்கந்தராபாத்தின் உஜ்ஜயினி மகாங்காளியையும் தமிழ்நாட்டின் தென்மாவட்ட ஊர்களில் வழிபடப்பெறும் உச்சினிமாகாளியையும் கொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

2. நூல்களில் காளி

முண்டக உபநிடதத்தில் காளி என்பது தீயின் ஏழு நாக்குகளுள் ஒன்றன் பெயர். மகாபாரதத்தின் சௌப்திக பருவத்தில் அவள் பாசக்கயிறு ஏந்திய காலராத்திரி. மார்க்கண்டேய புராணத்தின் பகுதியாகிய தேவி மகாத்மியத்தில், தேவியின் நெற்றியினின்று தோன்றிச் சண்டனையும் முண்டனையும் அழிக்கிறாள். அவ்விருவர் பெயரையும் இணைத்து அந்நூல் சாமுண்டை என்னும் பெயருக்குத் தரும் விளக்கம், பெயருக்கேற்பக் கதை அமைந்ததைக் காட்டுகிறது. 'காலத்தின் தலைவி' என்னும் விளக்கமும் இத்தகையதே. பாணினி (4.1.42) 'காலீ' என்னும் பெண்பால் வடிவத்தை நிறப்பொருளில் விதிக்கிறார். எனவே 'கரியவள்' என்பதே சொல்லின் நேர்ப்பொருள். காலத் தத்துவம் பின்னர் ஏற்றப்பட்டது எனலாம்.

தமிழ் மரபில் கொற்றவை, 'கொற்றம்' என்னும் சொல்லடியாகப் பிறந்த பெயருடையவள். தொல்காப்பியம் கொற்றவை நிலையைப் புறத்திணையில் வைக்கிறது. திருமுருகாற்றுப்படை முருகனை அவள் மகனாகக் கூறுகிறது. சிலப்பதிகார வேட்டுவ வரி, எருமைத்தலைமேல் நிற்றல் முதலிய புராணச் செய்திகளை அவள்மேல் ஏற்றுகிறது. ஆயின் அந்நூலின் வழக்குரை காதையில் வாயிற்காவலன் கொற்றவையையும் காளியையும் வேறு சில பெண்தெய்வங்களையும் தனித்தனியே சுட்டி, வந்து நிற்பவள் அவர்களுள் ஒருத்தியும் அல்லள் என்கிறான். ஒன்றாக்குதலும் வேறுபடுத்துதலும் ஒரே நூலில் நிகழ்கின்றன. கொற்றவையைத் 'துர்க்கை' என்றும் ஏனையோரைக் 'காளி' என்றும் பெயர்த்துவிட்டால், காவலனின் பட்டியல் வெறும் கூறியது கூறலாகிவிடும்.

3. பெயரின் பயணம்

சிக்கந்தராபாத் கோயில் மரபின்படி, படைப்பிரிவில் பணியாற்றிய சுரிட்டி அப்பையா 1813இல் உஜ்ஜயினியில் இருந்தபோது ஐதராபாத்தில் கொள்ளைநோய் பரவியது. அவர் அங்கு நேர்ந்துகொண்டபடி, ஊர் திரும்பி 1815இல் மரத்தாலான திருவுருவை நிறுவினார். பெயர் இவ்வாறு வடக்கினின்று வந்தது. வழிபாடு அவ்வாறு வரவில்லை. ஆஷாட மாதப் போனாலு விழாவில் பெண்கள் தலையில் சுமக்கும் சோற்றுக்குடம், தேவியின் உடன்பிறந்தானாகிய போத்துராஜு, பச்சை மட்குடத்தின்மேல் நின்று பெண்ணொருத்தி குறிசொல்லும் ரங்கம் ஆகிய அனைத்தும் தெலங்கானாவின் ஊர்த்தெய்வ வழிபாட்டுக்கு உரியவை. 2014இல் மாநில விழாவாக அறிவிக்கப்பட்டதும் இவ்விழாவே. 'போனம்' என்னும் சொல்லோ வடமொழிப் 'போஜனம்' என்பதன் திரிபு. வழிபாடு உள்ளூரது என்பதனால் அதன் சொற்களும் உள்ளூரன ஆகிவிடா.

ஒலிமாற்றங்களும் இதனையே உணர்த்துகின்றன. வடமொழி லகரம் தமிழிலும் தெலுங்கிலும் ளகரமாயிற்று. தெலுங்கு வடிவம் வடமொழியில் இல்லாத மெல்லொலியை ஏற்று 'மகாங்காளி' ஆயிற்று. தமிழில் 'உஜ்ஜயினி' இருமுறை கடன்பெறப்பட்டுள்ளது. பெருங்கதையின் உஞ்சைக் காண்டத்தில் 'உஞ்சை'. தென்மாவட்டக் கோயில்களில் 'உச்சினி'. தமிழில் இரட்டித்த வல்லினம் ஒலிப்புடையதாக வாராது. ஆதலின் முன்னது மெல்லினத்தை முன்னிறுத்தி ஒலிப்பைக் காத்து இரட்டிப்பை இழந்தது. பின்னது இரட்டிப்பைக் காத்து ஒலிப்பை இழந்தது. இலக்கிய வழக்கும் கோயில் வழக்கும் வெவ்வேறு வழிகளில் இப்பெயரைப் பெற்றன எனக் கருத இடமுண்டு.

4. மொழிபெயர்ப்பாளர் முன் உள்ள சிக்கல்

தெலுங்கில் 'அம்மவாரு' என்னும் ஒரே சொல் தேவியையும் அவள் தருவதாக நம்பப்பட்ட பெரியம்மையையும் குறிக்கும். இன்றைய தமிழ் வழக்கில் நோய்க்கு 'அம்மை', தெய்வத்திற்கு 'அம்மன்' எனச் சொற்கள் பிரிந்துவிட்டன. எனவே அம்மவாரு வந்ததாகக் கூறும் தெலுங்குத் தொடரைத் தமிழாக்குவோர் நோயையோ தெய்வத்தையோ தேர்ந்தாக வேண்டும். எதனைத் தேர்ந்தாலும், நோயே தெய்வத்தின் வருகை என்னும் நம்பிக்கை சிதைகிறது. 'அம்மன் இறங்கியிருக்கிறாள்' போன்ற பேச்சுவழக்குத் தொடர்கள் இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பக்கூடும்.

5. முடிவுரை

பெயர்களை அவ்வாறே நிறுத்தினால் பிறமொழி வாசகருக்குப் பொருள் விளங்காது என்பர். அது நியாயமான தடையே. ஆயின் அதற்குத் தீர்வு பெயரை மாற்றுவதன்று. தெய்வத்தின் தொழிலையும் இடத்தையும் தொடரினுள் விளக்குவதாகும். மகாங்காளியை 'மகாகாளி' எனத் திருத்தும் மொழிபெயர்ப்பாளர் பிழை களைவதாக எண்ணலாம். உண்மையில் அவர் களைவது, உஜ்ஜயினியினின்று வந்த பெயர் சிக்கந்தராபாத்தில் தெலுங்காகிய வரலாற்றை.